அரை லாரித் தண்ணீர்

மூன்றாவது தடவையாக நடுவர் விசில் ஊதினார். மூன்றும் என் வீட்டுக்காரருக்குத்தான்.

முதல் விசில், எதிர் ஆளைத் தோளால் இடித்துத் தள்ளியதற்கு. இரண்டாவது, மட்டையின் பின்பக்கத்தால் பந்தை அடித்ததற்கு. மூன்றாவது, மறுபடியும் இடித்ததற்கு. இந்தத் தடவை ஓடி வந்து தடுத்த நடுவரும் சேர்ந்து விழுந்தார்.

தாம்பரம் மைதானத்து ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சின்னப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பதினைந்து வருடம் ராணுவம். அதில் எட்டுக் குளிர்காலம் லடாக்கில், படைப்பிரிவு ஹாக்கி அணியின் ஃபார்வர்ட். சான்றிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அந்த ஹாக்கியை உறைந்துபோன குளத்தின்மேல் ஆடினார்கள் என்பதை மட்டும் சான்றிதழ் சொல்லவில்லை. ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு. பந்துக்குப் பதில் செருப்பு ரப்பரில் வெட்டிய வட்டத் தட்டு. அங்கே தோளால் இடிக்கலாம், மட்டையின் எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம். இடிக்காதவனைத்தான் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

ஜி.எஸ்.டி. ரோட்டுக் கம்பெனி ஒன்று தன் அணிக்கு ஒரு ஃபார்வர்ட் தேடியது. இந்த ஆட்டத்தில் தேர்வானால் நிரந்தர வேலை. ஹாக்கி என்றால் ஹாக்கிதானே என்று மனுப் போட்டுவிட்டார் மனுஷன்.

கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ரயில். குஜராத்தில் ஏதோ உப்பு ஃபேக்டரியில் செக்யூரிட்டி வேலை. டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு. அவர் ராணுவத்தை விடும்வரை ஆகமொத்தம் நான் அவரோடு குடும்பம் நடத்தியது இரண்டே வருடம். இன்னொரு தடவை ஸ்டேஷனில் நின்று கையாட்ட எனக்குத் தெம்பில்லை. அதைச் சொன்னால் ஆட்டம் இன்னும் கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை விட்டார்கள். மே மாத வெயில். மைதானம் முழுக்கப் புழுதி.

கம்பெனி மேனேஜர் சுந்தரராமன் சார் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி மூடினார். எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த யோசனைதான்.

புழுதி அடங்கத் தெளிப்பதற்குத் தேவானந்தம் அண்ணனின் தண்ணீர் லாரி வந்தது. மைதானத்துக்கு அரை லாரி, மீதி அரை லாரி எங்கள் தெருவுக்கு. அந்தக் கோடை முழுக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை அதுதான் ஏற்பாடு.

தெரிந்த மனுஷர் வெயிலில் வந்திருக்கிறாரே என்று நான் எழுந்துபோய் அவருக்கு ஒரு கை கடலை கொடுத்துவிட்டு வந்தேன்.

லாரி ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றும் வந்தது. தண்ணீர் நிற்கவில்லை. கோல் பக்கமெல்லாம் குளம் கட்டியது. சுந்தரராமன் சார் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

"வால்வு மாட்டிக்கினு கீது சார், நான் இன்னா பண்றது" என்று அண்ணன் கையை விரித்துவிட்டார்.

வேறு நாள் கிடையாது, ஆட்டம் நடந்தே ஆக வேண்டும் என்று விசில் ஊதினார்கள்.

கெட்டித் தரை. மேலே மட்டும் விரல் கனத்துக்கு வழவழவென்று சேறு. ஒருவராலும் நிற்க முடியவில்லை. அதே வேலைக்கு வந்திருந்த ஏசுதாசன், பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறவர், பந்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்த வாக்கில் கோலுக்குள் போனார்.

சின்னப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒரு பாதத்தைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். ராணுவத்தை விட்டு வந்த ஆறு மாதத்தில் நான் பார்க்காத சிரிப்பு அது.

முழங்காலை மடக்கினார். அப்புறம் அவர் ஓடவே இல்லை. வழுக்கிக்கொண்டே போனார், வழுக்கிக்கொண்டே திரும்பினார். யாரையும் இடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, அவர் போவதற்குள் எல்லோரும் தாமாகவே விழுந்திருந்தார்கள். மூன்று கோல். பழக்கதோஷத்தில் மட்டையின் பின்பக்கத்தால் அடித்து ஒரே ஒரு விசில்.

"நமக்கு டோர்னமென்ட் எல்லாம் நவம்பர் மழையிலதான் வருது, இவரை விடக்கூடாது" என்று சுந்தரராமன் சார் பேனாவைத் திறந்தார்.

தலையிலிருந்து கால்வரை சேற்றோடு என்னிடம் வந்தார் என் வீட்டுக்காரர். கண் கலங்கியிருந்தது.

"கர்த்தரே அந்த வால்வுல கைய வச்சிட்டாரு மேரி."

"ஆமாங்க" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் எங்கள் தெருவில் பதினெட்டு வீட்டுக் குடங்களும் வரிசையில் காலியாக நின்றன. இன்னும் இரண்டு நாளைக்கு யாருக்கும் குளிக்கத் தண்ணீர் கிடையாது. பச்சையம்மா அக்கா அந்த லாரியையும், வால்வையும், அதைச் செய்தவன் வம்சத்தையும் இழுத்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவளுக்கு மேலே சத்தமாகத் திட்டினேன். பின்னே, சும்மா நின்றால், "மூடாதீங்கண்ணா, எங்க தெருத் தண்ணியையும் இங்கியே வுட்ருங்க" என்று கெஞ்சினது நான்தான் என்று முகத்திலேயே தெரிந்துவிடாதா?