வாயசைப்பு

கோயில் பாடகர் குழுவில் பேஸ் என்னும் அடிக்குரல் பாடுகிற மூன்று கிழவர்களில் தேவஇரக்கம்தான் மூத்தவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டெல்லாம் மனப்பாடம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவர் குரலுக்கு வேலை கிடையாது. பாட்டு மாஸ்டர் ஜெபசிங் போன வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பாட்டையா, குரல் பிசிறடிக்கு. கேரல் அன்னைக்கு வாய மட்டும் அசைங்க. ஒங்க பாகத்தக் கீபோர்டு பாத்துக்கிடும். யார்ட்டயும் சொல்லாண்டாம்" என்றான்.

"மத்த ரெண்டு பேரும் கழுதையாட்டம் கத்துதானுவ. அவனுவள விட்டுட்டு எங்கிட்ட வந்துட்டியாக்கும்?"

திட்டினாலும், இன்றைக்குக் கேரல் ஆராதனையில் வீம்பாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பேஸ் தனியாக வருகிற அடியில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு நின்றதும் கோயிலில் ஒரு சத்தமில்லை. கையிலிருந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரின் வாயும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"பாடுங்க பாட்டையா, பாடுங்க" என்று ஜெபசிங் தவிப்போடு கையை ஆட்டினான். இவன் பேச்சை நம்பலாமா? தேவஇரக்கத்துக்கு மூச்சு தொண்டைவரை வந்துவிட்டது. அடுத்தவன் முதலில் எடுக்கட்டும் என்று மூன்று பேரும் வாயைத் திறந்தபடி காத்து நின்றார்கள்.