அடுப்படிக்கு இரண்டு டைல்ஸ்

“போன்ல போட்டோ பாத்து டைல்ஸ் வாங்குற குடும்பம் நாங்க இல்ல தம்பி. எது வாங்குனாலும் எல்லாரும் சேந்து வந்துதான் வாங்குவோம்” என்றார் நல்லுசாமி.

எல்லாரும் என்றால் நல்லுசாமி, அவர் மனைவி சண்முகவள்ளி, மூத்த மருமகள் கௌசல்யா, இளைய மருமகள் நாகஜோதி. மகன்கள் இருவரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தார்கள். அவர்களுடைய கருத்து தேவைப்படவில்லை. திண்டுக்கல் பழனி ரோட்டிலிருந்த அந்தக் கடையின் தரப்பில் விற்பனையாளன் சிவபிரகாஷ் இருந்தான்.

“எந்த ரூமுக்குங்கய்யா?”

“அடுப்படிக்கு. பழைய மொசைக் பேந்து போச்சு. பதினோரு பேரு பொழங்குற எடம். மூணு தலைமுறையா பிரியாத குடும்பம் தம்பி. அதக் கேள்விப்பட்டுத்தான் ஆயக்குடியிலருந்து என் பேத்தி தமிழ்மதியப் பாக்க வாராங்க. கூட்டுக் குடும்பத்துப் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பையன் போட்டோவப் பாத்து அவளுக்கும் பிடிச்சுப் போச்சு. வர்றவங்க அடுப்படியப் பாக்காமப் போவாங்களா?”

சிவபிரகாஷ் இரண்டு டைல்ஸை எடுத்துத் தரையில் வைத்தான். “ரெண்டுமே குக்கர் கைதவறி விழுந்தாலும் தாங்கும். வெள்ள பளபளப்பு, முகமே தெரியும். இந்தக் கறுப்பு சொரசொரப்பு, தண்ணி சிந்துனாலும் வழுக்காது.”

சண்முகவள்ளி மூத்த மருமகளின் காதில் ஏதோ சொன்னார்.

“கறுப்புதான் வேணும்” என்றாள் கௌசல்யா. “நாள் முழுக்க நின்னு வேல பாக்குறவங்களுக்குத்தானே வழுக்குறது தெரியும்? எட்டிப் பாத்துட்டுப் போறவங்களுக்கு என்ன தெரியும்?”

நல்லுசாமி கடையின் மின்விசிறியைப் பார்த்தபடி இளைய மருமகளிடம் முணுமுணுத்தார்.

“வெள்ளதான் வேணும்” என்றாள் நாகஜோதி. “ஒரு சொட்டு குழம்பு சிந்துனாலும் யாரு சிந்துனதுன்னு தெரியணும். கறுப்பு போட்டா அழுக்க ஒளிச்சு வைக்கத் தோதாப் போயிரும்.”

சிவபிரகாஷ் நெகிழ்ந்துபோனான். “ஐயா, இந்தக் காலத்துல இம்புட்டு மரியாதைய நான் பாத்ததில்ல. அம்மா உங்க முன்னால சத்தமாக்கூடப் பேச மாட்டேங்கறாங்களே!”

“எங்க வீட்டுப் பழக்கம் அப்படி” என்று நல்லுசாமி மீசையைத் தடவினார்.

சண்முகவள்ளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படி ஓர் அடக்கம்.

மீண்டும் இரண்டு காதுகளில் இரண்டு முணுமுணுப்புகள்.

“வெள்ளையில மஞ்சப்பொடி கொட்டுனா யாரு தேய்க்கிறது?” என்றாள் கௌசல்யா.

“கொட்டுனவங்கதான் தேய்க்கணும்” என்றாள் நாகஜோதி.

“தாளிக்கத் தெரியாதவங்கதான் கொட்டுவாங்க.”

“கத்துக்கிட்டா வந்துட்டுப் போகுது. அதென்ன கம்ப சூத்திரமா?”

மருமகள்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். தோள்கள் குலுங்கின. அழுகையை அடக்குகிறார்கள் என்று சிவபிரகாஷுக்குப் புரிந்தது. மாமியார் மூத்தவள் கட்சி, மாமனார் இளையவள் கட்சி என்பதும் புரிந்தது. கெட்டிக்காரன்.

“ஒண்ணு செய்யலாங்கய்யா. பாதி கறுப்பு, பாதி வெள்ள. நடுவுல ஒரு பட்டை ஓட்டிரலாம். இப்ப எல்லா வீட்டுலயும் அதான் பேஷன்.”

நல்லுசாமியும் சண்முகவள்ளியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“பட்டை இந்தச் செவத்துலருந்து அந்தச் செவரு வரைக்கும் போகுமா?” என்றார் நல்லுசாமி.

“போகும்ங்கய்யா.”

“சிங்க்குக்கு நேர் நடுவுல வரணும்” என்றாள் கௌசல்யா.

“அடுப்பு மேடைக்கும்” என்றாள் நாகஜோதி.

“கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்றார் நல்லுசாமி. “மிதிச்சாத் தெரியணும்.”

“தடுக்கி விழுந்துருவாங்களே?”

“தாண்டுனாத்தானே விழுவாங்க?”

சிவபிரகாஷ் குரலைத் தாழ்த்தினான். “பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா?”

“டிசைன்னு சொல்லிக்கிறோம்.”

சிவபிரகாஷுக்கு மாமனார் வீடு ஆயக்குடியில். டைல்ஸ் ஏற்றிய வேன் நல்லுசாமி வீட்டு வாசலுக்கு வரும் முன்பே செய்தி ஆயக்குடிக்குப் போய், அங்கிருந்து போனில் திரும்பியும் வந்துவிட்டது. அழைத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. வீடே கேட்கட்டும் என்று நல்லுசாமி ஸ்பீக்கரைப் போட்டார். அது தவறு.

“ஏனுங்க, பிரியாத குடும்பம்னு சொன்னீங்க. மருமகளுக ரெண்டு பேருக்கும் ஆகாம அடுப்படிக்கு நடுவால கோடு போடறீங்களாமா?”

“அது வந்து... டிசைனுங்க.”

“டிசைனுங்களா! டைல்ஸ் கடையில ரெண்டு பேரும் அடிச்சுக்காத கொறையாமா. ஒத்துமையில்லாத வீட்டுல பொண்ணெடுக்க எங்க வீட்டுல எல்லாருக்கும் யோசனையா இருக்குதுங்க.”

தமிழ்மதி அம்மா கௌசல்யாவின் கையைப் பற்றினாள். நல்லுசாமி தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார்.

“மாமா, சும்மா நின்னா எம்மக வாழ்க்க போயிரும்” என்று கௌசல்யா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“வேணாம்மா...” என்றார் நல்லுசாமி.

“நீங்க கேள்விப்பட்டது சுத்தப் பொய்ங்க. எனக்கும் நாகஜோதிக்கும் ஒரு சண்டையும் கெடையாது. நாங்க ஒரே தட்டுல சாப்புடுறவங்க. அந்தக் கோடு எங்க மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவுல. பொங்கல்லருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது, மாமா தனியாப் பொங்கித்தான் சாப்புடுறாரு!”