ரெண்டு கட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மண்டபத்தின் தகரக் கூரையில் மத்தியான வெயில் கொதிக்கிறது. ஒருநாள் வேலைக்கு வந்திருக்கும் கீபோர்டுக்காரர் மரியசூசையின் காதருகே பாடகன் தனேஷ் குனிகிறான். "தொண்டை கட்டியிருக்குண்ணே. சுருதிய ரெண்டு கட்டை எறக்கிடுங்க லா." சரியென்று தலையாட்டுகிறார். போன மாதம் ஜெலாப்பாங்கில் தன் குரல் பிசிறியதற்கு, "இந்தக் கெழவன் தப்பா வாசிச்சிட்டான்" என்று இவரைக் காட்டி மைக்கில் சொல்லிச் சனங்களைச் சிரிக்க வைத்தவன் இவன்தான். சுருதியை இறக்கும் பொத்தான் வரைக்கும் போன விரல் தொடாமலே திரும்புகிறது. முதல் வரியிலேயே தனேஷுக்கு விளங்கிவிடுகிறது. சிரித்த முகம் மாறாமல் பின்னால் நகர்ந்து வருகிறான். "எறக்குங்கண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்." "நல்லாத்தான பாடுறீங்க தம்பி. முன்னால பாருங்க, போன்ல புடிக்கிறாங்க." உச்சத்துக்கு ஏறும் வரி வருகிறது. தனேஷின் கழுத்து நரம்பு புடைக்கிறது. மரியசூசை கீபோர்டின் சத்தத்தை நன்றாகக் குறைத்து, அவன் குரல் மட்டும் கேட்கும்படி இடம் விடுகிறார்.