இரண்டாவது ஒவன்

இன்னுமொரு ஒவன் இருந்தால் கலியாணக் கேக் ஓடர்களை இரட்டிப்பாக்கலாம். அடுத்த வருடம் கல்முனை பஸாரில் கேக் கடையே திறந்துவிடலாம். ஆகிலா இப்படித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்துத் தெருவில் கேக் செய்யும் ஸம்றா வந்தாள்.

“என்ட ஒவன அரைவிலைக்குத் தாறன், எடுங்க ராத்தா.”

“ஏன் புள்ள, நல்லாத்தானே ஓடிச்சு?”

“எங்க! என்ட கேக்கில பிரண்டி ஊத்துறனாம், ஹறாமாம். ஆரோ கலியாண ஊட்டில கதை கட்டி உட்டுட்டாங்க. இப்ப ஒரு ஓடருமில்ல.”

ஒலுவில் ஊர்க் கலியாணத்தில் ஸம்றாவின் கேக்கை முகர்ந்துவிட்டு, “பிரண்டி வாசம் மாதிரிக் கிடக்கே” என்று சிரித்தபடி சொன்னது ஆகிலாவேதான். அதுவும் திட்டத்தில் இருந்தது.

“காசு பிறகு தாங்களன் ராத்தா. ஒங்களத்தான் நம்பி வந்தன்.”

“வேணாம் புள்ள,” என்றாள் ஆகிலா, ஸம்றாவின் முகத்தைப் பாராமல்.