எமனுக்கு எதிராக ஒரு தீர்மானம்

"அது நாயே இல்லைங்க. நாலு கால் எமன்" என்று மர ஸ்கேலால் மேஜையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்று கூட்டம் போட்டால் நாலு பேர் தேற மாட்டார்கள். நாயைத் துரத்த வேண்டும் என்றதும் மாடிக்கு மாடி குடும்பத்தோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

குற்றவாளி, அங்கே வாடகைக்கு இருக்கும் பல் டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. அகலத் தலை, பிய்ந்த காது, முகமெல்லாம் பழைய தழும்பு. முதல்முறை பார்ப்பவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள்தான். நாய்ச் சண்டை நடத்திப் பந்தயம் கட்டிய கும்பலைப் போலீஸ் வளைத்தபோது மீட்ட நாய் அது. நாய்க் காப்பகத்திலிருந்து அதைக் கூட்டி வந்த பல் டாக்டர், 'தம்பி' என்று கூப்பிட்டாள். தம்பிக்கு இடி இடித்தால் பயம், குக்கர் விசில் அடித்தால் பயம், லிஃப்ட் கதவு திறந்தாலும் பயம். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

"சார், தம்பி இதுவரைக்கும் யாரையாவது கடிச்சிருக்கா?" என்றாள் அவள்.

"கடிச்சப்புறம் தெரிஞ்சு என்ன புண்ணியம், டாக்டரம்மா? இதோட ஜாதி அப்படி. ரத்தத்திலேயே ஊறினது."

"சண்டைக்குப் பழக்கினது மனுஷங்கதானே சார்?"

"அந்தப் பாவிங்களை நடுரோட்டுல நிக்க வச்சு உதைக்கணும்" என்ற செயலாளருக்குக் குரல் தழுதழுத்தது. "வாயில்லா ஜீவன்னா எனக்கு உயிர். அதனாலதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊசி போட்டு இதை நிம்மதியாத் தூங்க வச்சிடுங்க. மனசு வரலைன்னா நீங்களும் சேர்ந்து வீட்டைக் காலி பண்ணிடுங்க. குழந்தை குட்டி இருக்கிற இடத்துல கொடூர ஜென்மங்களுக்கு இடம் கிடையாது."

பலமாகக் கை தட்டினார்கள்.

பல் டாக்டர் ஏற்கெனவே காப்பகத்தில் கேட்டுப் பார்த்திருந்தாள். இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எவர் வீடு கொடுப்பார்? வீடு கிடைக்காவிட்டால் தம்பிக்கு ஊசிதான்.

முன்வரிசையில் பொருளாளரின் மனைவி, பஞ்சு மூட்டை போல ஒரு வெள்ளை நாயை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். கூரியர்காரர், பேப்பர்காரர், செயலாளரின் மாமியார் என்று அது பல் பதிக்காத ஆள் பாக்கியில்லை.

"அப்ப இது கடிக்கிறது?" என்று பல் டாக்டர் அதைக் காட்டினாள்.

"ஐயோ, இது விளையாடுதும்மா. குழந்தை."

"போதும் விவாதம்" என்றார் செயலாளர். "எமன் போகணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

பொருளாளரின் மனைவி இருந்த ஆர்வத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். மடியிலிருந்த குழந்தை ஒரே தாவாகத் தாவி, தம்பியின் நல்ல காதைக் கவ்விக்கொண்டது.

தம்பி அலறியது. திருப்பிக் கடிக்கவில்லை. இருந்த இடத்திலேயே நடுங்கி, தரையை நனைத்துவிட்டது. ஒருவர் தண்ணீரை ஊற்றினார். ஒருவர் துடைப்பத்தைத் தேடி ஓடினார். "கண்ணு, அண்ணாவை விட்டுடும்மா" என்று பொருளாளரின் மனைவி கெஞ்சினாள். பொருளாளர் வாலைப் பிடித்து இழுக்க இழுக்கப் பஞ்சு மூட்டையின் பிடி இறுகியது.

"இழுக்காதீங்க, காது கையோட வந்துடும்" என்று செயலாளர் பாய்ந்து வந்தார். முழங்கால்களுக்கு நடுவே வெள்ளை நாயை இறுக்கிக்கொண்டார். இடது கையால் கழுத்துப்பட்டையை முறுக்கினார். வலது கையிலிருந்த மர ஸ்கேலை அதன் கடைவாயில் செருகி, ஒரு திருகு திருகினார். வாய் தானாகத் திறந்தது.

அதே சூட்டில் தம்பியைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். "போ, மூலைக்கு."

தம்பி வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது. எதிர்மூலையில் போய், அசையாமல் நின்றது.

"பின்னிட்டீங்க சார்" என்றார் பொருளாளர், பஞ்சு மூட்டையை வாங்கிக்கொண்டே. "முன்னப்பின்ன பழகாத நாய்கூட உங்க பேச்சைக் கேக்குதே. இதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும்."

"எல்லாம் அனுபவம்தான்" என்று செயலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பல் டாக்டர் மூலைக்குப் போய், ரத்தம் சொட்டிய காதைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தாள். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"சண்டையில கவ்விக்கிட்ட நாய்களை இப்படித்தான் பிரிப்பாங்கன்னு காப்பகத்துல சொன்னாங்க சார். முட்டியால அமுக்கி, கடைவாயில கட்டையைக் கொடுத்து. பிரிச்சதும் மூலைக்கு விரட்டுவாங்களாம், அடுத்த சுத்துக்கு."

எல்லார் கண்களும் செயலாளர் கையிலிருந்த ஸ்கேலுக்குப் போயின.

"மாசக்கணக்கா நான் 'உட்காரு'ன்னு சொல்றதே இதுக்குப் புரியலை. நீங்க சொன்னது மட்டும் எப்படி சார் புரிஞ்சுது?"

"அது... ஏதோ புத்தகத்துல படிச்சேன்" என்றார் செயலாளர்.

"நாயும் அதையே படிச்சிருக்கா சார்?"

களேபரத்தில் இறக்க மறந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பொருளாளர், செயலாளருக்குப் பக்கத்திலிருந்த தன் நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

செயலாளர் வேர்வையைத் துடைத்தார். "சரி, விடுங்க. வாயில்லா ஜீவன். அது பாட்டுக்கு இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

"அது இருக்கும் சார்" என்றாள் பல் டாக்டர். "நீங்க எப்பக் காலி பண்றீங்க?"