என் கூரை, என் வெயில்

"ஒரு போனுக்குக்கூட சார்ஜ் தர முடியாதா உங்களால?" என்று கேட்டார் தெருச் சங்கச் செயலாளர்.

"முடியாது" என்றார் கண்டக்டரம்மா, வாசற்படியை விட்டு நகராமல்.

புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து தெருவில் கரண்ட் இல்லை. சோலார் ஓடு போட்ட வீடு இது ஒன்றுதான். கூரையே கரண்ட் கொடுக்கிற வீடு இருக்கும்போது வேறு எங்கே போய்க் கேட்பது? அதனால்தான் செயலாளர், பேக்கரிக்காரர், அவர்களுக்குப் பின்னால் செத்துப்போன போன்களைக் கையில் பிடித்தபடி நாலைந்து பேர் என்று வாசலில் கூட்டம்.

கண்டக்டரம்மா காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை.

ஓடு போட்டபோதே சண்டைதான். தெருவில் எல்லா வீட்டுக்கும் சிவப்பு ஓடு. இவர் மட்டும் பளபளவென்று கறுப்பு ஓடு போட்டதில் தெருவின் அழகே போய்விட்டது என்று சங்கம் கொதித்தது.

"என் கூரை, என் வெயில். உங்களுக்கென்ன?" என்று அன்றைக்கு ஒரே போடாகப் போட்டார்.

அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரான செயலாளர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. "அந்த வீட்டுப் பச்சைத் தண்ணிகூட நமக்கு வேண்டாம்" என்று தன் வீட்டில் சட்டமே போட்டுவிட்டார். இன்றைக்குப் பொதுக் காரியம் என்பதால் வாயைத் திறந்திருக்கிறார்.

பேக்கரிக்காரர் கொஞ்சம் தணிந்தே கேட்டார். "அம்மா, பிசைஞ்ச மாவெல்லாம் ஃப்ரிட்ஜ்ல புளிச்சுப் போகுது. ஒரே ஒரு வயர் இழுத்துக்கறேனே."

"புளிக்கட்டும்."

"இது நியாயமாம்மா?"

"நியாயமோ இல்லையோ, இந்த வண்டியில இடமில்ல. அடுத்த வண்டி பாருங்க."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். செயலாளர் திரும்பி முறைத்தார்.

"ஒத்த ஆளுக்குக் கூரை நிறைய ஓடு. அதுல இவ்வளவு கல் நெஞ்சு" என்றார். "மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கும்மா. எங்கப்பா மூச்சு மெஷின்ல படுத்திருக்கார். அந்த நிலைமையிலும் நான் ஊருக்காக வந்து நிக்கறேன்."

பேக்கரிக்காரர் பதறினார். "அய்யோ, மெஷினுக்குக் கரண்ட்?"

"என் சம்சாரம் ஆஸ்பத்திரியில சொல்லி பேட்டரி வாங்கி வச்சிருக்கா. நாங்க யார் வாசல்லயும் போய் நிக்கல."

கண்டக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

அந்தப் பார்வை செயலாளருக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தீர்மானம் போடறோம். அந்த ஓடு அத்தனையும் பிரிச்சு இறக்கணும்."

"போடுங்க. பிரிக்கறதுக்கு எவன் ஏறுறான்னு நானும் பாக்கறேன்."

"உள்ள ஏசி ஓடும் சார். அதான் வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கறாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

அவ்வளவுதான். செயலாளர் அவரை ஒதுக்கிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டார். பேக்கரிக்காரரும் தயங்கித் தயங்கிப் பின்னாலேயே போனார்.

பட்டப்பகலில் உள்ளே அரை இருட்டு. ஃபேன் சுற்றவில்லை. ஃப்ரிட்ஜ் துடைத்துக் காலியாகத் திறந்து கிடந்தது. நாற்காலியில் விசிறிக்கொள்ள ஒரு அட்டை, மேசையில் உருகித் தீர்ந்த மெழுகுவர்த்தி. அந்த அம்மாவின் போனும் செத்துத்தான் கிடந்தது.

சுவரோரம் பேட்டரிப் பெட்டியில் மட்டும் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. அதிலிருந்து ஒரே ஒரு வயர் கிளம்பி, பின் ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது.

"ஓஹோ" என்றார் செயலாளர். "தெருவுக்கு இல்லைன்னுட்டு வெளியில யாருக்கோ விக்கறீங்களா?"

"அதைத் தொடாதீங்க." கண்டக்டரம்மாவின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "வானம் மூடியே கிடக்கு. ஓடு இருந்து என்ன பண்ண, பேட்டரி பாதிதான் ஏறியிருக்கு. அந்த ஒரு வயருக்கே தாங்குமான்னு தெரியல. கையை எடுங்க சார்."

குரல் இறங்கியதும் செயலாளருக்குத் தெம்பு வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவருக்கு.

"யாருக்குப் போகுதுன்னு இப்பவே தெரிஞ்சுடும்" என்றபடி பிளக்கைப் பிடுங்கினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், கீ... கீ... என்று ஒரு மெஷின் கத்த ஆரம்பித்தது.

செயலாளர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். தினமும் கேட்கிற சத்தம் இல்லை அது. கேட்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சத்தம்.

கூடவே அவர் மனைவியின் குரல், அடித்தொண்டையில், அவசரமாக: "அக்கா, வயர் கழண்டுடுச்சா? மாமாவுக்கு மெஷின் நின்னுடுச்சு. சீக்கிரம் மாட்டுங்கக்கா, அவர் வர்றதுக்குள்ள."

பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார்.

"பிளக் உங்க கையிலதான் சார் இருக்கு" என்றார் கண்டக்டரம்மா. "முதல்ல அதை மாட்டுங்க. தீர்மானத்தை ஞாயித்துக்கிழமை போட்டுக்கலாம்."