முகமில்லாத சித்தப்பா

"போகாதேன்னா போகாதே! இதென்ன பிடிவாதம்?"

கம்ப்யூட்டர் டீச்சர் போட்ட சத்தத்தில் லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குண்டூசி மட்டும் அசையவில்லை. ஒல்லி உடம்புக்கும் குத்துகிற வாய்க்கும் வகுப்பு வைத்த பெயர் அது.

"அவர் எங்க சித்தப்பா, டீச்சர். அப்பாவோட தம்பியைத் தேடறேன்னு நெட்ல போட்டிருந்தேன். அவரே பதில் போட்டார். சாயங்காலம் புத்தகக் கடை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கார்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்ல வேணாம்னார். அப்பா போன பிறகு எங்களுக்குன்னு ஒரு ஈ காக்கா இல்ல. அம்மா வீட்டாளுங்க கல்யாணத்தன்னிக்கே கை கழுவிட்டாங்க. இவரையும் விட்டுட்டா யார் இருக்கா?"

"சொல்ல வேணாம்னாரா? அப்போ இன்னிக்குப் பாடமே உன் சித்தப்பாதான். உட்காரு. கிடைச்சதும் நிறுத்தறதுக்குப் பேர் தேடறது இல்ல. கிடைச்சது நிஜமான்னு மறுபடி தேடணும். முதல்ல அவர் படத்தைப் போடு."

படத்தில் ஆளே இல்லை, ஒரு ரோஜாப்பூ. அதே ரோஜா ஊர்ப்பட்ட பக்கங்களில் பூத்திருந்தது. பெயரைப் போட்டால் யார் யாரோ வந்தார்கள், அவரைக் காணோம்.

"கூச்ச சுபாவமா இருக்கலாம் இல்ல?" என்றாள் குண்டூசி.

"ஆமா, ரொம்பத்தான் கூச்சம்! என்ன எழுதியிருக்கார்? உரக்கப் படி."

"'அன்பு மருமகளே, உன்னைப் பார்க்கத் துடிக்கிறேன்...'"

டீச்சர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"மாட்டினான்! அண்ணன் பொண்ணை எந்தச் சித்தப்பாவாவது மருமகளேன்னு கூப்பிடுவாரா? மகளேன்னுதானே வரும்? இங்கிலீஷ்ல அண்ணன் பொண்ணுக்கும் அக்கா பொண்ணுக்கும் 'நீஸ்'னு ஒரே வார்த்தை. மொழி தெரியாத எவனோ மெஷின்ல போட்டுத் தமிழாக்கி அனுப்பறான்!"

குண்டூசியின் முகம் தொங்கிப்போனது. டீச்சருக்கே பாவமாக இருந்தது.

"அழாதே. நானும் வரேன், உங்க அம்மாவும் வரட்டும். அந்த ஆளைப் பிடிச்சுக் கொடுக்காம விடமாட்டேன்."

சாயங்காலம் மூவரும் போனார்கள். டீச்சர் போலீஸ் நம்பரைப் போனில் தயாராக வைத்திருந்தார். விஷயம் கேட்டதிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த அம்மா, கடை வாசலில் முதுகு காட்டி நின்றவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தாள்.

"என் பொண்ணையாடா ஏமாத்தப் பார்க்கறே? திரும்புடா!"

அவர் திரும்பினார். நரைத்த தாடி. கண்கள் கலங்கியிருந்தன.

அம்மாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. "அண்ணா... நீயா?"

"என் பேரைச் சொன்னா நீ அவளைப் பேசவே விடமாட்டேன்னுதான் சித்தப்பான்னு பொய் சொன்னேன். ஆனா, தங்கச்சி பொண்ணை மகளேன்னு எழுத எனக்கு மனசு வரலையேம்மா!"